மாரியில மாட்டுப் பெட்டி இழுக்க எந்த வாகனம்?

ஒக்டோபர் 4, செங்கலடி

ரெண்டு கலப்பின மாடு நிக்கிற இழுவைப் பெட்டி (டிரெயிலர்) ஒண்டு இருக்கு. ரெண்டு சில்லு, உள்ளூரில ஒட்டினது. கார்த்திகைக்கு முதல் மாடுகளைப் பள்ளக் காணியில இருந்து கரடியனாறுப் பக்கம் மேட்டுக்கு ஏத்த வேணும். பிறகும் மாரி முழுக்க மிருக வைத்தியரிட்டப் போய்வரத் தேவைப்படும். இழுக்கப் பழைய வாகனம் ஒண்டு பார்க்கிறம். ஒராள் டபுள் கெப் (பிக்கப்) எண்டுறார், ஒராள் வான் காணும் எண்டுறார், மெசின் (உழவு டிரக்டர்) இருக்க வேற என்னத்துக்கு எண்டும் ஒரு கதை. 3000 சிசி டீசல் எண்டா எதையும் இழுக்கும்தானே?

ஒக்டோபர் 4, இரவு, வவுணதீவு

இழுக்கும். 3000 சிசி என்ன, 2000 சிசியும் இழுக்கும். செங்கலடியிலிருந்து கரடியனாறு வரை மலையா இருக்கிறது? தம்பி, மாரியில் ஆபத்து இழுவையில் இல்லை, நிற்பாட்டுவதில். ஈரத் தாரில் பிரேக் மிதிக்கும்போது முன்னால் இழுக்கிற வாகனத்துக்குப் பாரம் காணாவிட்டால், பெட்டி அதைத் தள்ளிக்கொண்டு தன் போக்கில் போகும்.

வாகனப் பெயரெல்லாம் பிறகு. பெட்டி வெறுமையாக எத்தனை கிலோ? மாடு ஒவ்வொன்றும் எத்தனை? பெட்டிக்குப் பிரேக் உண்டா?

ஒக்டோபர் 5, செங்கலடி

பெட்டிக்குப் பிரேக் இல்ல அண்ணே. நிறுத்ததும் இல்ல. மாட்டை எப்பிடித் தராசில ஏத்துற?

ஒக்டோபர் 5, வவுணதீவு

மாட்டுக்குத் தராசு வேண்டாம், தையல் நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அங்குலத்தில் அளவெடுங்கள். தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு முனை வரை நீளம் எடுங்கள். நெஞ்சளவை நெஞ்சளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோ வரும். நெஞ்சு 64, நீளம் 54 என்றால் 335 கிலோ. இது மதிப்பீடுதான், பத்தில் ஒரு பங்கு கூடக் குறைய இருக்கும். மாடு நாலு காலிலும் சமமாக நின்று தலையை நேரே வைத்திருக்கும்போது அளக்க வேண்டும். புல்லுக்குக் குனிந்து நிற்கும்போது அளந்தால் பிழைக்கும்.

பெட்டியை லொறி நிறுக்கிற தராசு உள்ள அரிசி ஆலைக்குக் கொண்டுபோங்கள். கொழுவியைக் கழற்றி, பெட்டியை மட்டும் தராசில் விட்டு நிறுக்க வேண்டும். மேலதிகச் சில்லு, கயிறு, பாய், தண்ணீர்க் கான் எல்லாம் உள்ளே இருக்கட்டும்.

ஒக்டோபர் 7, செங்கலடி

பெட்டி 690. மாடு ஒண்டு 340, மற்றது 310.

ஒக்டோபர் 7, இரவு, வவுணதீவு

அப்போ 1340. தீனும் தண்ணீரும் சேர்த்து 1400 என்று வையுங்கள்.

இனிக் கணக்கு. வாகனம் 2000 கிலோ. ஈரத்தார், பாதி தேய்ந்த டயர். தனியே மணிக்கு 60 கிலோமீட்டரில் வந்து பிரேக் மிதித்தால் ஏறத்தாழ 35 மீட்டரில் நிற்கும். பிரேக் இல்லாத 1400 கிலோவைப் பின்னால் கொழுவினால் அதே நாலு சில்லும் 3400 கிலோவை நிற்பாட்ட வேண்டும். 60 மீட்டர் போகும். கண் கண்டு கால் மிதிக்கப் போகிற ஒரு செக்கனில் இன்னும் 17 மீட்டர். ஆக 77. அதையே 40இல் வந்தால் நிற்க 27, மிதிக்க முன் 11, எல்லாமாக 38 மீட்டர். வேகத்தில் மூன்றில் ஒன்றைக் குறைத்தால் தூரம் பாதியாகிறது.

வாகனம் 1100 கிலோ கார் என்றால் பெட்டி காரைவிடப் பாரம். அதற்குக் கணக்கே வேண்டாம், கொழுவக் கூடாது. சின்னக் கார், ஹைபிரிட், பெல்ட் கியர் உள்ளது எல்லாவற்றையும் இத்தோடு விட்டுவிடுங்கள். கியர்ப் பெட்டி சூடேறிச் சாவது ஒரு பக்கம், நிற்பாட்டப் பாரம் இல்லை என்பதுதான் முதற் காரணம்.

கெப் கைநூல்களில் இழுவைக்கு இரண்டு எண் இருக்கும். ஹைலக்ஸ், டி-மேக்ஸ் போன்றவற்றின் புதிய மாதிரிகளுக்கு 3500 கிலோ என்பார்கள். அது பிரேக் உள்ள பெட்டிக்கு. பிரேக் இல்லாத பெட்டிக்கு அதே கைநூலில் 750 கிலோதான் இருக்கும். உங்கள் பெட்டி வெறுமையாகவே அதைத் தொடுகிறது. எந்த வாகனம் வாங்கினாலும் பெட்டிக்குப் பிரேக் போட்டே ஆக வேண்டும்.

ஒக்டோபர் 8, வவுணதீவு

நேற்று எழுதிய தூரங்கள் சுத்தமான ஈரத்தாருக்கு. இப்போது மாரி உழவு நடக்கிறது. வட்டையிலிருந்து (வயல்வெளி) ஏறுகிற மெசின் சில்லுகள் சேற்றைத் தாரில் கொண்டுவந்து பூசிவிட்டுப் போகின்றன. தூறல் விழுந்தால் அந்த இடம் எண்ணெய் ஊற்றின மாதிரி. வயல் வாய்க்கால் மதகடிகளில் 40ம் கூடுதல்.

ஒக்டோபர் 8, சம்மாந்துறை

வானைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. ஹையேஸ் டீசல், பின்சில்லு இழுவை, பாரமும் உண்டு, விலையும் கெப்பைவிட வசதி. தாரில் மட்டும் ஓடுவதென்றால் ஏன் கூடாது?

ஒக்டோபர் 9, வவுணதீவு

வானுக்கு வால் நீளம். பின் அச்சிலிருந்து டோ பாரின் (பெட்டியைக் கொழுவப் பின்னால் பூட்டுகிற சட்டம்) குண்டு தூரமாக இருந்தால் பெட்டியின் ஆட்டம் வாகனத்தின் பின்பக்கத்தைப் பிடித்து ஆட்டும்.

ஒக்டோபர் 9, சம்மாந்துறை

நாடா பிடித்துப் பாருங்கள். ஹையேஸ் சாதாரண உடம்புக்கு அச்சிடை (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம்) 2570 மில்லிமீட்டர். பின் அச்சிலிருந்து குண்டு வரை 1.1 மீட்டர் அளவு. ஹைலக்ஸ் டபுள் கெப்புக்கு அச்சிடை 3085, பின்னால் குண்டு வரை 1.25 அளவு. வகுத்தால் வானுக்கு 0.43, கெப்புக்கு 0.41. இதில் எங்கே பெரிய வித்தியாசம்?

ஒக்டோபர் 9, இரவு, வவுணதீவு

சம்மாந்துறைக் காக்கா (அண்ணன்) சொல்வது சரி, நான் எழுதியது பிழை. வால் நீளத்தை மட்டும் பார்த்தேன், அச்சிடையோடு சேர்த்துப் பார்க்கவில்லை. தாரில் நேராக ஓட வானும் ஒன்றுதான், கெப்பும் ஒன்றுதான்.

வானின் பிரச்சினை வேறு இடத்தில். அடி தாழ்வு, ஒரு பக்கப் பின்சில்லு சேற்றில் சுற்றினால் மற்றது சும்மா நிற்கும். தார் முடிந்து பட்டி வாசல் வரையிருக்கிற கடைசி 300 மீட்டரில்தான் மாரி ஆளைப் பிடிக்கிறது. பெட்டியோடு அதில் இறங்கி மாட்டையும் ஏற்றிக்கொண்டு திரும்ப ஏற வேண்டும். அந்தத் துண்டு கொங்கிறீட் என்றால் வான் வாங்கலாம். கிரவலோ களியோ என்றால் போர் வீல் வேண்டும்.

மெசின் கதையையும் முடித்துவிடுவோம். வட்டைக்குள் அதை வெல்ல ஒன்றுமில்லை. ஆனால் மெசின் பெட்டியின் தளம் இடுப்புக்கு மேல். மாடு ஏறுகிற பலகை செங்குத்தாகும், ஈரத்தில் கால் சறுக்கும். அதோடு மணிக்கு 25, 30 கிலோமீட்டரில் மழை நனைந்த மாடு வழி முழுக்க நிற்க வேண்டும். தாழ்ந்த மாட்டுப் பெட்டியை மெசினில் கொழுவலாம் என்றால் மெசினுக்கு ஆணிக் கொழுவி, உங்கள் பெட்டிக்குக் குண்டுக் கொழுவி. இடையில் எதையாவது ஒட்டிச் சமாளிக்க வேண்டாம்.

ஒக்டோபர் 11, செங்கலடி

கடைசித் துண்டு களிதான், ஒரு 400 மீட்டர். அப்ப போர் வீல். ஆனா எல்லாப் போர் வீலும் ஒண்டா?

ஒக்டோபர் 12, வவுணதீவு

இல்லை. இதில்தான் அதிகமானோர் ஏமாறுகிறார்கள்.

சாதாரணக் கெப்பில் போர் வீலைப் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டுப்படும். சேற்றில் அருமை. நல்ல தாரில் கிறுகும்போது முன்சில்லு கூடத் தூரம் ஓட வேண்டும், பின்சில்லு குறைய ஓட வேண்டும். பூட்டுப்பட்டால் இரண்டும் இழுபடும். சுக்கான் கனக்கும், சந்தியில் வாகனம் விக்கி விக்கி நடக்கும், நாளடைவில் போர் வீல் கியர்ப் பெட்டிக்குள் சங்கிலியோ கியரோ போகும். அதனால் தாரில் இரண்டு சில்லு, இறங்கும்போது நாலு சில்லு என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மழையில் பாதி சேறு பாதி தார் என்று மாறி மாறி வருகிற வீதியில் இது தொல்லை.

மிட்சுபிஷியின் சூப்பர் செலக்ட் உள்ள மொண்டெரோவிலும், எல்200இன் மேல்தர மாதிரிகளிலும் நடுவில் ஒரு டிஃப் இருக்கிறது, முன் அச்சையும் பின் அச்சையும் வேறுவேறு வேகத்தில் சுற்ற விடும். தாரிலும் நாலு சில்லில் ஓடலாம். பிராடோ அநேகமாக எப்போதும் நாலு சில்லுதான். மாரியில் பெட்டி இழுக்க இந்த வகையைத்தான் முதலில் தேடுவேன். எல்200 எல்லாவற்றிலும் சூப்பர் செலக்ட் இல்லை. வாங்கும்போது போர் வீல் மாற்றுகிற தடி அருகே உள்ள படத்தைப் பாருங்கள்: 2எச், 4எச், பூட்டுக் குறியோடு இன்னொரு 4எச், கடைசியாக 4எல் (மெதுவான, பலமான கியர்) என்று நாலு நிலை இருக்க வேண்டும். மூன்று நிலைதான் என்றால் சாதாரணம்.

போர் வீல் புறப்படத்தான் உதவும், நிற்பாட்ட உதவாது. பிரேக்குக்கு எல்லா வாகனத்துக்கும் நாலு சில்லுதான்.

ஒக்டோபர் 12, சம்மாந்துறை

வெறுங் கெப்பின் பின்பக்கம் இலேசு என்பதையும் சேருங்கள். வில்லுத் தகடு பாரத்துக்குச் செய்தது. வெறுமையாக ஈரத்தில் வளையும்போது பின்சில்லு தத்தும், அந்த நேரம் பெட்டி தள்ளினால் மடங்கும். பின் அச்சுக்கு நேர் மேலே மூன்று மணல் மூடை போட்டுக் கட்டிவிட்டால் மாற்றம் தெரியும். புதைந்தால் அதே மணலைச் சில்லுக்கு முன்னால் கொட்டலாம்.

ஒக்டோபர் 13, வவுணதீவு

நல்ல யோசனை. மூடைகளைப் பின்கதவோடு ஒட்டிப் போட வேண்டாம், அச்சுக்கு மேலே அல்லது சற்று முன்னால்.

மூக்குப் பாரம் பற்றிச் சொல்லாமல் விட்டிருக்கிறோம். பெட்டியின் முன்தலை குண்டை எவ்வளவு அழுத்துகிறதோ அதுதான். மொத்தப் பாரத்தில் நூற்றுக்கு 7 அளவு இருக்கட்டும். 1400க்கு 98 கிலோ. அளக்க, நெல் மூடை நிறுக்கிற தராசில் ஒரு மரக்குற்றியை நிறுத்தி, அதன்மேல் பெட்டியின் தலையைக் குண்டு இருக்கிற உயரத்தில் இறக்குங்கள். மாடு ஏறி நிற்கும்போது அளக்க வேண்டும். வெறும் பெட்டியில் அளந்த எண் உதவாது.

குறைந்தால் பெட்டி வாலாட்டும். கூடினால் வாகனத்தின் முன்பக்கம் எழும்பும்: ஹைலக்ஸில் குண்டில் 100 கிலோ வைத்தால் முன்சில்லிலிருந்து ஏறத்தாழ 40 கிலோ குறைகிறது, பின் அச்சுக்கு 140 கூடுகிறது. ஈரத்தில் சுக்கான் இலேசாவது அதனால்தான். மாட்டின் பாரத்தில் பாதிக்கு மேல் முன்னங்காலில். நெஞ்சுக் கட்டையை ஒரு சாண் முன்னுக்கோ பின்னுக்கோ மாற்றினால் மூக்குப் பாரம் மாறும்.

கெப்பின் குண்டு அநேகமாக உயரம். பெட்டியின் மூக்கு மேலே பார்த்துக்கொண்டு நின்றால் பாரம் பின்னுக்குச் சரியும். கொழுவிய பிறகு பெட்டி மட்டமாக நிற்க வேண்டும். இல்லையென்றால் குண்டுத் தகட்டை இறக்கிப் பூட்டுங்கள்.

பெட்டி ஆடத் தொடங்கினால் பிரேக் மிதிக்காமல், சுக்கானை எதிர்ப்பக்கம் வெட்டாமல், காலை மெதுவாக எடுங்கள். தானாக அடங்கும்.

ஒக்டோபர் 16, செங்கலடி

ஒரு மாடு மட்டும் கொண்டுபோனா நடுவிலயா கட்டுற?

ஒக்டோபர் 16, வவுணதீவு

நடுத்தடுப்பு இருந்தால் வலப்பக்கம். நாம் இடப்பக்கம் ஓடுகிறோம், வீதி ஓரத்துக்குச் சரிந்திருக்கும். பாரம் இடப்பக்கம் இருந்தால் பெட்டி ஓரத்துக்கு இழுக்கும், மழையில் ஊறின கிரவல் ஓரம் உடைந்தால் அப்படியே வாய்க்காலுக்குள். இரண்டு மாடு என்றால் 340 வலப்பக்கம், 310 இடப்பக்கம். குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் குதிரைப் பெட்டி இழுக்கிறவர்களும் வீதியின் மேட்டுப் பக்கத்தில்தான் பாரத்தை வைக்கிறார்கள். அவர்களுக்குப் பனிக்கட்டி, நமக்குக் களி. நின்றுகொண்டு வருகிற உயிர்ப்பாரம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்: வளைவில் தானும் சாயும், பிரேக்கில் தானும் முன்னுக்கு வரும்.

தளத்துக்கு வைக்கோல் மட்டும் போட்டால் சாணமும் மழையும் சேர்ந்து சறுக்கும். முதலில் ஒரு விரற்கடை மணல், மேலே வைக்கோல். ஏறுபலகையில் ஒரு அடிக்கு ஒன்றாகக் குறுக்குச் சட்டம் அடியுங்கள். றப்பர் பாய் இருந்தால் மாதம் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். மூத்திரம் இறங்கிப் பலகை அடியிலிருந்து உக்கும், மேலே ஒன்றும் தெரியாது. திருகாணித் தடியை அழுத்தினால் உக்கின இடத்தில் வெண்ணெயில் போல இறங்கும்.

ஒக்டோபர் 19, சம்மாந்துறை

குண்டு அளவு. பழைய டோ பார்களில் இரண்டு அளவு வருகிறது, 50 மில்லிமீட்டரும் ஒன்றேமுக்கால் அங்குலத்துக்கு மேலே அரைக்கால் அங்குலம் கூடின 47.6ம். சின்னக் குண்டில் 50 தலை பூட்டின மாதிரியே இருக்கும், கைப்பிடியும் மூடும். பள்ளத்தில் விழும்போது கழன்றுவிடும். குண்டின் தலையில் அளவு குத்தியிருப்பார்கள், துருவைத் தேய்த்துப் பாருங்கள். பூட்டின பிறகு பெட்டியின் காலை இறக்கி, வாகனத்தின் பின்பக்கம் தூக்குப்படும் வரை சுழற்றுங்கள். கழலாவிட்டால் சரி. காப்புச் சங்கிலி இரண்டையும் தலைக்குக் கீழே குறுக்காகப் போடுங்கள். தலை கழன்றாலும் நிலத்தில் குத்தாமல் சங்கிலியில் தாங்கும்.

புதைந்த வாகனத்தை அந்தக் குண்டில் சங்கிலி போட்டு இழுக்க விடாதீர்கள். குண்டு முறிந்தால் துவக்குச் சன்னம் போலப் பறக்கும்.

ஒக்டோபர் 20, வவுணதீவு

பிரேக் வேலை. தள்ளுப் பிரேக் போதும்: வாகனம் வேகம் குறைந்ததும் பெட்டி முன்னுக்குத் தள்ளும், தலைக்குள் இருக்கிற தண்டு உள்ளே போய்க் கம்பியை இழுத்துப் பெட்டியின் டிரம்மைப் பிடிக்கும். பழைய பெட்டியில் கழற்றின அச்சு, டிரம், தலை மூன்றும் ஒரே கட்டாக எடுங்கள். தனித்தனியே வாங்கினால் தண்டின் ஓட்டமும் டிரம்மின் தேவையும் பொருந்தாது. சீராக்கும்போது சில்லைத் தூக்கி, பிடித்து நிற்கும் வரை இறுக்கி, பிறகு சும்மா சுற்றும் வரை தளர்த்துங்கள். கழன்றால் தானாகப் பிரேக் பிடிக்க வைக்கிற மெல்லிய கம்பியை டோ பாரில் கொழுவ வேண்டும், குண்டில் சுற்றி விடக்கூடாது.

டயர்: பக்கத்தில் 102 என்று இருந்தால் ஒன்றுக்கு 850 கிலோ தாங்கும், இரண்டுக்கு 1700. உங்களுக்குப் போதும். 88 இருந்தால் ஒன்றுக்கு 560, அது காணாது. கடைசி நாலு இலக்கம் செய்த கிழமையும் ஆண்டும், 2319 என்றால் 2019இன் 23ஆம் கிழமை. பெட்டி டயர் தேய்ந்து சாவதில்லை, வெயிலில் நின்று வெடித்துச் சாகும். பூ (டயரின் வெட்டு) இருக்கிறதே என்று நம்ப வேண்டாம்.

ஒக்டோபர் 21, வவுணதீவு

பெட்டியின் விளக்கு வயரில் அநேகமாக வெள்ளைதான் எர்த். பிரேக் மிதிக்கும்போது பக்கவிளக்கும் சேர்ந்து மங்கினால், சிக்னல் போடும்போது மற்றப் பக்கமும் மினுங்கினால், பல்பை மாற்றிக் காசைக் கரைக்காமல் வெள்ளை வயரின் முனையைப் பாருங்கள். கடற்காற்றுக்குப் பச்சை பிடித்திருக்கும். தேய்த்து வாசலின் பூசுங்கள்.

நவம்பர் 3, செங்கலடி

எல்200 ஒண்டு பார்த்திருக்கு, நாலு நிலைத் தடி. அடியில என்ன பார்க்கிற?

நவம்பர் 3, வவுணதீவு

சாசியின் (அடிச்சட்டம்) பின்பகுதி. 2020இல் நின்ற இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது, அதனால் நம் கரையில் ஓடுகிற பழையவற்றில் அநேகம் உப்புக்காற்றில் வயது போனவை. புதிதாகக் கறுப்பு மை பூசியிருந்தால் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். டங் என்றால் இரும்பு, டப் என்றால் துரு. டோ பார் பூட்டுகிற ஓட்டைகளைச் சுற்றி முக்கியமாகத் தட்டுங்கள். பிறகு 4எல்லில் போட்டுக் களியில் பத்து மீட்டர் ஓட்டிப் பாருங்கள். வருடக்கணக்காகப் போடாத தடி இறுகியிருக்கும், முன் அச்சு பிடிக்காமலே விளக்கு மட்டும் எரியும்.

நவம்பர் 14, செங்கலடி

எடுத்தாச்சு. கைநூலில தண்ணியில 600 மில்லிமீட்டர் வரை போகலாம் எண்டிருக்கு. தாம்போதியில (வெள்ளம் மேலால பாயிற தாழ்ந்த பாலம்) அவ்வளவு நிண்டா போகலாம்தானே?

நவம்பர் 14, வவுணதீவு

போகக் கூடாது. அந்த 600 நின்ற தண்ணீருக்கு, தனி வாகனத்துக்கு, மெல்ல நடக்கிற வேகத்துக்கு. பெட்டி வேறு சாமான். உங்கள் பெட்டித் தளம் 1.6க்கு 2.5 மீட்டர் என்றால் 4 சதுர மீட்டர். பக்கம் அடைத்த பெட்டியில் தளத்துக்கு மேலே ஒவ்வொரு 10 சென்ரிமீட்டர் தண்ணீரும் 400 கிலோவைத் தூக்கப் பார்க்கும். தண்ணீர் உள்ளே வந்தால் மிதப்பு குறையும், அப்போது மாடு மிரளும். ஓட்டமுள்ள தண்ணீர் அரை மீட்டருக்கு மேல் என்றால் பாரமான வாகனமே நகரும். பெட்டி முதலில் மிதந்து பக்கவாட்டில் போய் வாகனத்தின் பின்பக்கத்தையும் இழுத்துக்கொண்டு போகும்.

2024 நவம்பர் 26 அன்று மாவடிப்பள்ளியில் மத்ரசாப் பிள்ளைகளை ஏற்றிவந்த மெசின் பெட்டியோடு வெள்ளத்தில் போனது. பிள்ளைகள் இறந்தார்கள். மெசினைவிட உயரமான சில்லு நம்மிடம் எதிலும் இல்லை.

நவம்பர் 15, சம்மாந்துறை

அந்த வீதி தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அது இன்னும் நெஞ்சில் இருக்கிறது. கிட்டங்கித் தாம்போதியும் அதே மாதிரிதான், தண்ணீர் கடக்கும்போது விளிம்பு தெரியாது. மழை இங்கே விட்டிருக்கும், வானம் வெளித்திருக்கும், மேலே குளத்தில் வான் கதவு திறந்த தண்ணீர் பிறகுதான் வந்து சேரும். படுவான்கரைப் பக்கம் (மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே) உன்னிச்சை, நவகிரிக் குளங்கள். இந்தப் பக்கம் இங்கினியாகல. கதவு திறந்த செய்தியைக் கேட்டுவிட்டுத்தான் பெட்டியைக் கொழுவ வேண்டும்.

நவம்பர் 15, வவுணதீவு

ஆகவே மாடுகளை முதல் பெரிய மழைக்கு முன் ஏற்றிவிடுங்கள். பிறகு மாரிக்குள் வைத்தியர் தேவையென்றால், தண்ணீர் குறுக்கே நின்றால் அவரை அழைத்துவர வழி பாருங்கள், மாட்டைக் கொண்டுபோகாதீர்கள். மாடு கொண்டுபோகிற அனுமதிப்பத்திரமும் வாகனத்திலேயே இருக்கட்டும்.

சில்லு மூழ்கின ஒவ்வொரு முறையும் அன்றே பெயாரிங் மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஓடிச் சூடான ஹப் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்றுச் சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும். கிரீஸ் தேன் நிறத்தில் இருந்தால் தண்ணீர் போகவில்லை. தயிர் மாதிரி வெளுத்திருந்தால் மண்ணெண்ணெயில் கழுவி, காயவிட்டு, உருளைகளுக்கு இடையில் விரலால் அழுத்திப் புதுக் கிரீஸ் அடையுங்கள். பழசுக்கு மேலே புதுசை அப்பினால் உள்ளே துருதான்.

டிசம்பர் 2, செங்கலடி

ரெண்டும் மேட்டில. தாரில சூப்பர் செலக்ட் நல்லா நிக்குது, களியில 4எல்லில ஏறிச்சு. மூக்குப் பாரம் 104 காட்டிச்சு.

டிசம்பர் 2, வவுணதீவு

104 பரவாயில்லை. நெஞ்சுக் கட்டையைச் சற்றுப் பின்னுக்கு எடுத்தால் 98க்கு வரும். புது அச்சுப் போட்ட சில்லு நட்டுகளை 50 கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப இறுக்கினீர்களா? இல்லையென்றால் இன்றைக்கே, மாறி மாறி எதிரெதிராக.